ஒன்பதாவது இடம்

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்திற்குச் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரும்பிய மணவாளக்குறிச்சி அத்தை, "மக்களே, கையில ஊசி வழியா என்னத்தையோ ஏத்துனாவ, அது என்னவாக்கும்?" என்று கேட்டார். நான் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்காகத் தயாரித்துவரும் கடோலினியம் என்னும் உலோகத்தின் அணைவுச் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த மருந்துதான் அது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அத்தை வீட்டுக் கடற்கரையிலும் கிடைக்கும் அக்கனிமத்தில் கடோலினியமும் சிறிதளவு உண்டு.

இணைசேராத 7 எலக்ட்ரான்களைக் கொண்ட கடோலினிய அயனி, தன்னைத் தொடும் நீரின் புரோட்டான்களை விரைவாகத் தளர்வடையச் செய்வதால் (கிளர்ந்த நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பவைப்பதால்), படத்தில் அவ்விடம் வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் அளவில் கால்சியத்தை ஒத்திருக்கும், எதனோடும் பிணையாத தனி அயனி, கால்சியத்தின் வேலைகளில் குறுக்கிடும் நஞ்சு. ஆகவே அதன் ஒன்பது பிணைப்பிடங்களில் எட்டை இறுகப் பிடித்து, ஒன்பதாவதை மட்டும் ஒரு நீர் மூலக்கூறுக்கு விட்டுவைக்கும் ஈனி, அதாவது அயனியைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, வேண்டும். அந்த ஓரிடத்தில்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது.

1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தின் ஈனி திறந்த சங்கிலி. சிறுநீரகம் பழுதடைந்தோரிடம் தோல் இறுகும் நோய்க்கும் கடோலினிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டபின், பிடியை எளிதில் விடாத வளைய ஈனிகளின் மதிப்பு கூடியது; நானும் அப்பக்கமே.

பிடி தளர்ந்துள்ளதா என்பதைச் சைலினால் ஆரஞ்சு என்னும் நிறங்காட்டிச் சாயம் காட்டிக்கொடுக்கும்: மஞ்சள் நீடித்தால் நிம்மதி, ஊதாவானால் தனி அயனி மிச்சமுள்ளது. நேற்று மூன்றாம் முறையாக ஊதா.