கீதரோனைக் கடந்து இரத்தநிலம் வரை

எருசலேம் போகும் நம் சபையார் பலருக்கும் இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனேயில் முழங்கால்படியிட வேண்டும் என்பது வருஷக்கணக்கான பொருத்தனை. ஒலிவமலை உச்சியில் பேருந்தை விட்டு இறங்கியதுமே ஒட்டகச் சவாரி, ஒலிவக்கிளை, அஞ்சலட்டை என்று சூழ்ந்துகொண்டு பிய்த்தெடுப்பார்கள். பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடுங்கள். இறக்கம் செங்குத்து, கற்களோ வழுவழு. வயதானவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான், கைத்தடி அவசியம்.

இறங்குமுன் 2 சாமுவேல் 15-ஐ வாசித்துவிடுங்கள். மகன் அப்சலோமுக்குத் தப்பி, கீதரோன் ஆற்றைக் கடந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு தாவீது அழுதுகொண்டே ஏறிய மலை இது. ஆலோசனைக்காரன் அகித்தோப்பேல் எதிராளி பக்கம் போய்விட்டான் என்ற செய்தி வந்ததும் இந்த ஏற்றத்தில்தான். 'என் அப்பம் புசித்தவனுமாகிய மனுஷனும்' என்று 41-ஆம் சங்கீதம் புலம்புகிறதே, அதை ஆண்டவர் கடைசிப் பந்தியில் சொல்லிவிட்டு அதே கீதரோனைக் கடந்து வந்தார். அகித்தோப்பேலும் நான்றுகொண்டான், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் நான்றுகொண்டான்.

கெத்செமனே ஆலயத்துக்குள் ஊதாக் கண்ணாடி வெளிச்சத்தை மங்கலாக்கியிருக்கும். பலிபீடத்துக்கு முன்னால், இரும்பில் செய்த முள்வேலிக்குள், ஆண்டவர் ஜெபித்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாறை. பின்னால் நிற்கும் கூட்டம் நெருக்கும். ஒரு ஜெபத்துக்குத்தான் நேரம் கிடைக்கும். ஏசாயா 53-ஐ மனப்பாடமாக வைத்திருந்தால் புத்தகத்தைத் தேட வேண்டாம். 'தம்முடைய வாயை அவர் திறக்கவில்லை' என்ற வரிக்கு வரும்போது கை பாறைமேல் இருக்கட்டும். சில்லென்ற அந்தக் கல்லைத் தொட்டபின் கேட்க வந்த விண்ணப்பமெல்லாம் மறந்துபோகும். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர நாவில் வேறென்ன வரும்? நமக்காக அல்லவா, அப்பா!

யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசுக்கு ஆசாரியர்கள் வாங்கிய குயவனுடைய நிலமே இரத்தநிலம், அது பெரும்பாலான பயணத் திட்டங்களில் இல்லை. பெரிய குறை அது. இன்னோம் பள்ளத்தாக்கின் தென்சரிவில், கல்லறைக் குகைகளுக்கு நடுவே ஒரு கிரேக்க மடம் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கலாம், வழிகாட்டியிடம் முன்பே சொல்லி வையுங்கள். முப்பது வெள்ளிக்காசு சகரியா 11-இல் இருக்க, மத்தேயு ஏன் எரேமியாவின் பேரைச் சொல்கிறார் என்று குழம்புகிறவர்கள் அங்கே எரேமியா 19-ஐ வாசிக்கட்டும்: தீர்க்கதரிசி குயவனுடைய கலசத்தை உடைத்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். மத்தேயு இருவரையும் சேர்த்தே நினைத்திருக்கிறார் என்பது அங்கே நின்றால் விளங்கும். அந்த முப்பது, யாத்திராகமம் 21-இன்படி மாடு முட்டிச் செத்த அடிமைக்குக் கொடுக்கிற விலை. கர்த்தரை மதித்த மதிப்பு அவ்வளவுதான்!

பேதுரு மறுதலித்த இடத்து ஆலயத்தைக் கடைசியாக வையுங்கள், ஞாயிறு அடைத்திருக்கும். கீழே இறங்கினால், ஆண்டவரை அந்த இரவில் அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும், பாறையைக் குடைந்த குழி. 88-ஆம் சங்கீதத்தைப் பல மொழிகளில் அங்கே வைத்திருக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோய், தாழ்ந்த குரலில், முழுவதும் வாசியுங்கள். அடுத்த குழு காத்திருக்கட்டும்.