கடைசி வாசல் வழியாக வந்த தங்கம்

கர்லிங்கில் (பனித்தரையில் கல்லை இலக்கை நோக்கிச் சறுக்கிவிடும் ஆட்டம்) ஒலிம்பிக்குக்குப் போவது லேசுப்பட்ட விஷயமில்லை. ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் தலா 10 அணிகளுக்குத்தான் இடம். 2022 பெய்ஜிங்குக்கு, போட்டியை நடத்தும் சீனாவுக்கு ஒரு இடம். 2021 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் 6 இடம் பிடித்தவர்களுக்கு நேரடி அனுமதி. மிச்சம் 3. அதற்கு டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டனில் தகுதிப் போட்டி.

இதில் பிரிட்டன் கதை தனி. உலகப் போட்டியில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் எல்லாம் தனித்தனி அணிகள். ஒலிம்பிக் என்றால் ஒரே கொடி. ஸ்காட்லாந்து எடுக்கும் இடம்தான் பிரிட்டனுக்கான சீட்டு. ஈவ் மியூர்ஹெட் தலைமையிலான ஸ்காட்லாந்து பெண்கள் அணி 2021 உலகப் போட்டியில் எட்டாவது. நேரடி வாய்ப்பு போச்சு!

அப்புறம் லேவார்டன் போய், ஜெயித்து, பெய்ஜிங் வந்தார்கள். அங்கேயும் லீக்கில் 9 ஆட்டத்தில் 4 தோல்வி. அரையிறுதியில் ஸ்வீடனிடம் முதல் எண்டிலேயே (எண்டு என்றால் ஒரு சுற்று) 4-0 பின்தங்கல். நானாக இருந்தால் அப்போதே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பியிருப்பேன். அவர்கள் கூடுதல் எண்டு வரை இழுத்து 12-11 என முடித்தார்கள். இறுதியில் ஜப்பானை 10-3 என வென்று தங்கம்.

அந்த ஜப்பானும் லேவார்டன் வழியாக வந்த அணிதான். நேரடியாக உள்ளே வந்த ஸ்வீடனுக்கு வெண்கலம்.

2026-க்கு விதி மாறியது: 2024, 2025 இரண்டு வருட உலக சாம்பியன்ஷிப் புள்ளிகளையும் கூட்டினார்கள். ஒரு வாரம் சொதப்பினாலும் சரிக்கட்டலாம். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.