எட்டு வருட வேலையும் ஒரு 'கிச்சன்' கடிதமும்: ஆர்.பி.எல். எடுத்த அனுபவம்

போன வாரம் சேர்ட்டிபிக்கேட் 3 கைக்கு வந்தது. 'இன்டிவிஜுவல் சப்போர்ட்', முதியோர் பராமரிப்புப் பிரிவு. ஆர்.பி.எல். முறையில், அதாவது வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி எடுத்தேன். ஏழு மாதம் இழுத்துவிட்டது. வகுப்பில் போய் இருந்திருந்தால் இதற்குள் முடித்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருடமாக ஆட்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறேன். கை கழுவுவது எப்படி என்ற பாடத்திலிருந்து மறுபடி தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஏன் அவசரம் என்றால், 2025 ஜனவரி முதல் எங்கள் துறையின் சம்பளப் படிநிலைகள் மாறிவிட்டன. சேர்ட்டிபிக்கேட் 3 உள்ளவர்களுக்குத் தனிப் படி இருக்கிறது. நான் பக்கத்தில் நின்று லிஃப்டர் (ஆட்களைத் தூக்கி மாற்றும் கருவி) பிடிக்கப் பழக்கிய பிள்ளை அந்தப் படியில் நிற்க, நான் அதற்குக் கீழே நின்றேன். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஆனாலும் நெஞ்சு சுட்டது.

அந்தச் சூட்டில்தான் முதல் பிழையை விட்டேன். தெரிந்த ஒருவர் மூலம் வந்த முகவர், "மூன்று கிழமையில் எடுத்துத் தரலாம், ஒருவரும் வேலையிடத்துக்கு வந்து பார்க்கமாட்டார்கள்" என்றார். 400 டொலர் முற்பணம் கட்டினேன். பிறகுதான் வேலையிடத்தில் ஓர் அக்கா கல்லூரியின் பெயரை 'ட்ரெயினிங் டொட் கவ் டொட் ஏயூ' என்ற அரசாங்கத் தளத்தில் தேடிக் காட்டினார். அந்தக் கல்லூரிக்கு எங்கள் பாடநெறியைக் கொடுக்க அனுமதியே இல்லை. முற்பணம் திரும்பி வரவில்லை. பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயரை அங்கே போட்டு, அனுமதிப் பட்டியலில் சி.எச்.சி. 33021 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2024 இறுதியிலிருந்து ஆஸ்க்வா, அதாவது பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு, ஆயிரக்கணக்கானவர்களின் சான்றிதழ்களை இரத்துச் செய்திருக்கிறது. அதில் எங்கள் துறைச் சான்றிதழ்களும் உண்டு. பார்க்காமல் தரும் பேப்பர் ஒருநாள் இல்லாமலும் போகலாம்.

இரண்டாவது கல்லூரி ஒழுங்கானது. யூ.எஸ்.ஐ. எண் (மாணவருக்கான தனி அடையாள எண்), விண்ணப்பம் எல்லாம் ஒரு மாலையில் முடிந்தது. பிறகு வேலைக் கடிதம் கேட்டார்கள். எங்கள் இல்லத்தின் ஆள் நிர்வாகப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில் என் பதவி 'கிச்சன்' என்று இருந்தது!

நான் சமையலறையில் சேர்ந்தது உண்மைதான். ஆறு மாதத்தில் கேரராக, அதாவது பராமரிப்பாளராக மாறிவிட்டேன். ரோஸ்டரில் (வேலை நேர அட்டவணை) கேரர், பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டு) கேரர், அவர்களுடைய கணினியில் மட்டும் எட்டு வருடமாக நான் சமையலறையில். லீவு போட்டுவிட்டு ஒரு மணிநேரம் ரயிலில் அவர்களின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர், "சிஸ்டத்தில் இருப்பதைத்தான் எழுதலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வரும் வழியில் ரயிலில் அழுதேன்.

கடைசியில் காப்பாற்றியவர் எங்கள் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற தாதி. பழைய ரோஸ்டர்கள், லிஃப்டர் பயிற்சி, தொற்றுத் தடுப்புப் பயிற்சிப் பதிவுகளை எடுத்து வைத்து, தானே மெனேஜருக்கு எழுதினார். திருத்திய கடிதம் வர இன்னும் மூன்று வாரம். கடிதம் கேட்கும்போது பதவி, தொடங்கிய திகதி, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், என்னென்ன வேலை என்று நீங்களே ஒரு மாதிரி எழுதிக் கொடுங்கள். இந்தப் பாடநெறிக்குக் குறைந்தது 120 மணிநேர வேலை காட்டவேண்டும். என்னிடம் அதைப்போலப் பல மடங்கு இருந்தும் கடிதம் இல்லாததால் ஒரு மணிநேரம்கூட எண்ணப்படவில்லை.

பெயர்ப் பிரச்சினையும் வந்தது. பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, பேஸ்லிப்பில் பின்னுக்கு. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு இது இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கூற்று எழுதி, நூலகத்தில் இருக்கும் ஜே.பி.யிடம் (சமாதான நீதவான்) கையெழுத்து வாங்கினேன். அவர்கள் காசு வாங்குவதில்லை.

இன்னொரு பெரிய எச்சரிக்கை. நான் எழுதிய குறிப்புகளை ஆதாரமாகக் கொடுக்கப் பிரதி எடுத்தபோது, அதில் முதியவர்களின் பெயரும் அறை எண்ணும் இருந்தன. கல்லூரியின் மதிப்பீட்டாளர் உடனே திருப்பித் தந்தார். மெனேஜரின் அனுமதியோடு, பெயர், பிறந்த திகதி, அறை எண் எல்லாம் கறுப்பால் அழித்த பிறகுதான் கொடுக்கலாம். அந்த முதியவர்கள் எங்களை நம்பி இருக்கிற ஆட்கள். அதை நானே யோசித்திருக்கவேண்டும்.

பதினைந்து பாடங்களில் பெரும்பாலானவை ஆதாரத்திலும் நேர்முகக் கேள்விகளிலும் முடிந்தன. தடுக்கியது டிமென்ஷியா (மறதி நோய்) கேள்வியில். "முதியவர் குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார். "எப்படியாவது சம்மதிக்க வைப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது. வற்புறுத்துவேன் என்று விளங்கிக்கொண்டார். பிறகு, நான் உண்மையில் செய்வதைச் சொல்லச் சொன்னார். எங்கள் இத்தாலிய அம்மா ஒருவர் காலையில் தண்ணீரைக் கண்டாலே சத்தம் போடுவார். நான் விட்டுவிட்டுப் போய்விடுவேன். கால் மணிநேரம் கழித்துச் சூடான துவாயோடு வந்து, அவருடைய கையில் முதலில் கொடுப்பேன். அப்போதும் வேண்டாம் என்றால் முகம், கை மட்டும் துடைத்துவிட்டு, மறுத்தார் என்று எழுதி வைத்து, ஆர்.என்.னிடம் சொல்வேன். இதைச் சொல்லி முடித்ததும், "இதைத்தான் கேட்டேன்" என்றார். ஆகவே நேர்முகத்துக்குப் போகுமுன் உங்கள் வேலையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கைக்குத் தெரிந்தது வாய்க்கு உடனே வராது.

மரணத்தறுவாய்ப் பராமரிப்பில் மட்டும் எனக்குக் குறை இருந்தது. எத்தனையோ பேரின் கடைசி இரவில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் (கடைசிக் காலத்தில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னமே எழுதி வைப்பது) என்றால் என்ன, அது எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று தெரியாது. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இடைநிரப்புப் பயிற்சி, அதாவது குறையை மட்டும் நிரப்பும் பயிற்சி, கேட்டு வாங்கினேன். முழுப் பாடநெறியையும் தலையில் கட்டப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்தப் பாடத்தில் குறை என்று எழுத்தில் கேளுங்கள்.

மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கு வந்து பார்த்த நாள் நன்றாகப் போனது. லிஃப்டரில் ஆளைத் தாங்கும் ஸ்லிங் துணியின் தையலையும் பிரேக்கையும் நான் சரிபார்த்ததை அவர் குறித்துக்கொண்டார்.

சான்றிதழ் வந்த அன்றே சம்பளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். தானாக மாறும் என்று காத்திருக்க இனி என்னால் ஏலாது. கல்லூரியைத் தேடிக் காட்டிய அக்காவும் இப்போது ஆர்.பி.எல். தொடங்கியிருக்கிறார். அவருக்கு வந்த கடிதத்தில் 'லோன்ட்ரி' என்று போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை ரோஸ்டர்களோடு இரண்டு பேருமாகப் போகிறோம்.