ஏசி சர்வீஸ் தொழில்: செய்முறைத் தேர்விலிருந்து முதல் செலவுக் கணக்கு வரை

ஐடிஐ-யில் குளிர்பதனம், காற்றுப்பதனம் பிரிவில் இரண்டாண்டு படித்து முடித்த தம்பிகள் பலர், சொந்தமாக சர்வீஸ் தொடங்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்கிறார்கள். என் கணக்கு செய்முறைத் தேர்வு அறையிலேயே தொடங்கியது. காப்பர் குழாயை வெட்டி, முனையை விரித்து (பிளேர் செய்து) இணைத்து, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி வேக்யூம் எடுக்க வேண்டும். குழாயின் விளிம்பில் நான் தேய்த்து நீக்காமல் விட்ட சிறு பிசிரால் சோப்பு நுரையில் குமிழ் கிளம்பியது, மதிப்பெண் குறைந்தது.

பிறகு கருவி வாங்கும்போது அந்தக் குமிழ்தான் கண்முன் நின்றது. பிளேரிங் டூல், வேக்யூம் பம்ப், கேஸ் நிரப்பும் எடைத் தராசு ஆகிய மூன்றிலும் நான் விலை பார்க்கவில்லை; ஏனெனில் குழாய்க்குள் தங்கும் ஈரம் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரையே கெடுத்துவிடும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்22 வாயுவுக்கான பழைய கேஜ் (அழுத்தமானி) மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். புதிய ஏசிகளில் வரும் ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல், தவிர அது தீப்பற்றக்கூடிய வாயு. கிளாம்ப் மீட்டர், டிரில், வாட்டர் சர்வீஸ் பம்ப், நைட்ரஜன் சிலிண்டருக்கான முன்பணம், ஏணி, இடுப்பு பெல்ட் எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய் ஆனது. மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றப் போகும் எவரும் அந்த பெல்ட்டைச் செலவாக எண்ணக் கூடாது.

கடை எடுக்கவில்லை, வீட்டு முகவரியும் இருசக்கர வாகனமும் முதல் ஆண்டுக்குப் போதுமானவையாக இருந்தன. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’. நான் முதலில் கொடுத்த திட்ட அறிக்கையில் கருவிகளின் கொட்டேஷன் மட்டுமே இருந்ததால் வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். நடைமுறை மூலதனத்தை, அதாவது தொழிலை அன்றாடம் நடத்தத் தேவையான பணத்தை, சேர்த்து எழுதிய பின்புதான் கடன் கிடைத்தது.

உண்மையில் புதியவர்கள் தடுமாறுவது இந்த நடைமுறை மூலதனத்தில்தான். மார்ச் முதல் ஜூன் வரை போன் ஓயாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாட்கணக்கில் அழைப்பு வராது. அலுவலகங்களின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப் பணமும் பில் கொடுத்து ஒன்றிரண்டு மாதம் கழித்தே கைக்கு வருகிறது, கெபாசிட்டருக்கும் கேஸுக்கும் நாமோ கடையில் உடனே பணம் கட்டியாக வேண்டும். அதனால் கருவிச் செலவுக்குப் புறம்பாக, மூன்று மாத வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்த பிறகே வேலையை விட்டு வெளியே வாருங்கள்; தொடங்குவதைப் பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.