பழைய மடிக்கணினியில் ஆடேஷியஸ்

4 ஜிபி நினைவகமும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் பணிச்சூழலும் கொண்ட என் பழைய மடிக்கணினியில், உலாவி திறந்திருக்கும்போதே தடங்கலின்றிப் பாட்டும் ஓட வேண்டும் என்பதற்காக எளிய பிளேயர் ஒன்றைத் தேடி, ஆடேஷியஸை நிறுவிப் பார்த்தேன். வேகம் மட்டுமே காரணமன்று. என்னிடமுள்ள தமிழ்ப் பாடல் கோப்புகளின் டேக்குகள் (கோப்புக்குள் பதிந்திருக்கும் கலைஞர், ஆல்பம் போன்ற விவரங்கள்) மிகவும் ஒழுங்கற்றவை; இளையராஜாவின் பெயரே ஆங்கில எழுத்துகளில் ஐந்தாறு விதமாக இருக்கிறது, ஆல்பத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரி இருக்கிறது. டேக்குகளை நம்பி நூலகம் கட்டும் பெரிய பிளேயர்கள் ஒரே இசையமைப்பாளரைப் பல பேராக்கிவிடுகின்றன. கோப்புறைகளையோ நான் படத்தின் பெயர், ஆண்டு என்று ஒழுங்காகவே வைத்திருக்கிறேன்.

ஆடேஷியஸ் அந்த ஒழுங்கை மதிக்கிறது. கோப்பு மேலாளரிலிருந்து ஒரு கோப்புறையை இழுத்துப் போட்டால் அதிலுள்ள பாடல்கள் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு பட்டியலையும் தனித் தாவலில் வைத்துக்கொள்ளலாம், மூடித் திறந்தாலும் அவை அப்படியே இருக்கும். விண்டோஸில் வின்ஆம்ப் என்ற பழைய பிளேயரைப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதன்று. வின்ஆம்பைப் பார்த்து லினக்ஸில் உருவான எக்ஸ்எம்எம்எஸ், அதிலிருந்து கிளைத்த பீப் மீடியா பிளேயர், அதிலிருந்து 2005இல் பிரிந்த ஆடேஷியஸ் என்று இதன் வம்சாவளி நேராக அங்கே போய் நிற்கிறது. 2020இல் வந்த 4.0 பதிப்பு முதல் க்யூடி என்ற நிரல் கருவித்தொகுப்பில் அமைந்த இடைமுகமே இயல்பிருப்பு.

பிளேயரின் தோற்றத்தை மாற்றும் வின்ஆம்பின் பழைய தோல்களை இதில் இப்போதும் பயன்படுத்தலாம். ஆனால் தமிழில் பெயரிட்ட பாடல்களைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தோலுடன் வரும் பிட்மேப் (படமாக வரைந்த) எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளும் சில குறியீடுகளும் மட்டுமே உண்டு என்பதால், அந்த எழுத்துருவைப் பயன்படுத்தும் தெரிவை அமைப்புகளில் நீக்கினால்தான் தமிழ்த் தலைப்பு தெரியும். வழக்கமான க்யூடி சாளரத்தில் இந்தச் சிக்கலே இல்லை. இதைவிடவும் இலகுவானது என்று பலர் பரிந்துரைக்கும் சிமஸ், டெர்மினலுக்குள் ஓடுவது; விசைப்பலகையை விட்டுக் கையெடுக்காதவர்களுக்கு அது அருமையான மென்பொருள்தான். இருப்பினும் பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பதால், தமிழ்ப் பட்டியலை அதில் படிப்பது கண்ணுக்குப் பெருஞ்சுமை.

நான் அதிகநேரம் செலவிட்டது ஒலி விளைவுகளில்தான். வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றும் செருகுநிரலைக் கொண்டு, பாட்டின் வேகம் குறையாமலே சுருதியை அரை சுரம் அரை சுரமாக இறக்க முடிகிறது. உடன்பாடிப் பழகுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும், ஆனால் அதிகம் இறக்கினால் குரல் செயற்கையாகிவிடுகிறது. குரலை நீக்கும் செருகுநிரலும் உண்டு. இடது, வலது தடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, இரண்டிலும் சமமாக உள்ள குரலை மறையச் செய்வதே அதன் உத்தி. பழைய திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இரு தடங்களிலும் ஒரே ஒலியுள்ள மோனோ பதிவுகள் என்பதால், அவற்றில் குரலோடு வயலினும் தபலாவும் சேர்ந்தே மறைந்து முழு மௌனம்தான் மிஞ்சுகிறது!

அந்தப் பழைய பதிவுகளையும் இன்றைய படப்பாடல்களையும் ஒரே பட்டியலில் கலந்து கேட்டால், பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைத் திருகிக்கொண்டே இருக்க நேர்கிறது. பாட்டின் ஒலியளவை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று சொல்லும் ரீப்ளேகெயின் அளவு கோப்பிலேயே பதிந்திருந்தால் ஆடேஷியஸ் அதைப் படித்துச் சமன்செய்யும். ஆனால் அந்த அளவைத் தானே கணக்கிட்டு எழுதாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். எடை குறைந்த மென்பொருளிடம் இதையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்றே நினைக்கிறேன், ஆகவே இப்போதைக்கு மோனோ பாடல்களுக்கென்று ஒரு தாவலையே தனியாக ஒதுக்கிவிட்டேன்.