கிலோமீட்டர் கணக்கும் பிளக் காட்டும் கணக்கும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறையில் பல ஆண்டுகளாகப் பெட்ரோல் கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். எஞ்சினுக்குள் பொறி தெறித்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. எண்ணாகச் சொன்னால் விடை எளிது. சாதாரண நிக்கல் பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். நல்ல பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் பெரும்பாலும் 100,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்தந்த எஞ்சினுக்கு உரிய எண் காரின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்ட விடக்கூடாது. ஆனால் அந்த எண் வருவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டிய கார்கள் சிங்கப்பூரில் நிறைய ஓடுகின்றன.

காரணம், ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரம் கடந்த தூரத்தை. பிளக் தேய்வதோ அது தெறிக்கும் பொறிகளின் எண்ணிக்கையால். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விழுகிறது. நிமிடத்துக்கு 700 சுற்று என்ற ஐடில் வேகத்தில் கார் ஒரு மணி நேரம் நின்றால், தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடாது, ஆனால் ஒவ்வொரு பிளக்கும் 21,000 முறை பொறிந்திருக்கும். விரைவுச்சாலையில் 2,000 சுற்றில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதே எண்ணிக்கையை எட்ட 28 கிலோமீட்டர் ஓட வேண்டும். வாடிக்கையாளருக்காக ஏர்கானை ஓடவிட்டுக் காத்திருக்கும் தனியார் வாடகை கார் ஓட்டுநரின் பிளக் ஏன் கையேட்டுக்கு முந்திக்கொள்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். (நிறுத்திய வண்டியில் எஞ்சினை வீணே ஓடவிடுவது இங்கு சட்டப்படி குற்றம், மதிய வெயிலில் அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது என்பது வேறு கதை.) ஐடிலில் ஒவ்வொரு பொறியும் உண்டாக்கும் தேய்மானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பிளக்கின் முனை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஐடிலிலும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் குறுகிய ஓட்டத்திலும் அந்தச் சூடு வருவதில்லை. ஹைபிரிட் கார்களில் நிலைமை நேரெதிர். தூரத்தின் ஒரு பகுதியை எஞ்சின் ஓடாமலே கடந்துவிடுவதால், எண் பெரிதாக இருந்தும் பிளக் நல்ல நிலையில் இருப்பதுண்டு.

தேயத் தேய முனைகளுக்கு இடையிலான இடைவெளி அகலும், அதைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும், அந்தச் சுமை, மின்னழுத்தத்தை உயர்த்திப் பிளக்குக்குத் தரும் இக்னிஷன் காயிலின் தலையில் விழும். காயில் போய்விட்டது என்று வரும் பல கார்களில் முதல் குற்றவாளி மாற்றாமல் விட்ட பிளக்தான். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போது திணறுவது, விரைவுச்சாலையில் இணைய வேகம் கொடுக்கும்போது வெட்டி இழுப்பது, சிவப்பு விளக்கில் ஏர்கான் போட்டதும் நடுங்குவது ஆகியவற்றை ஓட்டுநர் முதலில் உணர்வார். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் கொண்டு வந்தால் போதும். அது விட்டுவிட்டு மின்னினால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி தட்டில் அடுக்கி, டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். வெளிர்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எரிப்பு சீராக உள்ளது. உலர்ந்த கரி என்றால் எரிபொருள் மிகுதி அல்லது குறுகிய ஓட்டம். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அதிகச் சூடு. வெள்ளைப் பீங்கானின் அடியில் தெரியும் பழுப்பு வளையத்தைக் காட்டி, சிலிண்டரின் எரிவாயு அழுத்தம் கசிகிறது என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. அது உயர்மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை மட்டுமே. அதே பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடு ஓடினால்தான் மின்சாரம் வெளிப்புறமாகத் தாவியிருக்கிறது என்று பொருள்.

வாடகை கார் ஓட்டும் அண்ணன் ஒருவர், "போன வருஷம்தானே மாத்துனோம் தம்பி, அதுக்குள்ள எப்படிப் போகும்?" என்று வந்தார். ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. நான்கு பிளக்குகளின் முனைகளும் நன்றாகவே இருந்தன. பிளக் உட்காரும் குழிகளில் மூன்றாவதில் மட்டும், எஞ்சினின் மேல்மூடியை அடைக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்த எண்ணெய் தேங்கி, காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்திருந்தது. அங்கே புதிய பிளக் போட்டிருந்தால் சில வாரங்களில் அவர் மறுபடியும் வந்திருப்பார். எண்ணெய் குழியில் இல்லாமல் முனையில் ஈரமாக இருந்திருந்தால், பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகித்திருப்பேன்.

மாற்றும்போது எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும்; பிளக் திருகப்படும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை சூட்டில் எளிதில் பாழாகும். முதல் சுற்றுகளைக் கையால் திருக வேண்டும். இரிடியத்தின் மெல்லிய முனையில் இடைவெளி அளக்கும் கேஜை நுழைத்து நெம்பக்கூடாது.

இங்கே இன்னொரு கேள்வியும் வரும். இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழின் (சிஓஇ) 10 ஆண்டு முடியச் சில மாதங்களே உள்ள காருக்கு விலையுயர்ந்த பிளக் எதற்கு? இடைவெளி அளவுக்குள் இருந்து, மிஸ்ஃபயரும் இல்லையென்றால், மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறேன். திணறினால் மாற்றியாக வேண்டும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் என்றால், பிளக் சூட்டை வெளியேற்றும் திறனைக் குறிக்கும் வெப்ப எண்ணும் இடைவெளியும் பொருந்தும் நிக்கல் பிளக் அந்த மீதித் தூரத்துக்குப் போதும். டர்போ எஞ்சினில் அந்தச் சிக்கனத்துக்கு நான் உடன்படுவதில்லை. சிலிண்டரின் அழுத்தம் அங்கே அதிகம் என்பதால், கையேடு சொல்லும் பிளக்கைத் தவிர வேறொன்றை நான் போடுவதில்லை.