486க்குள் 80 ஜீபி: மல்லாவிப் பெட்டிக்குப் பெரிய டிஸ்க் போட்ட கதை

வன்னிக்குள் இன்னும் ஒரு 486 கொம்பியூட்டர் ஓடுகிறதென்றால் ஆட்கள் சிரிப்பார்கள். 2008, 2009 இடப்பெயர்வுகளில் இங்கே இருந்த பெட்டிகளை யார் தூக்கிக்கொண்டு ஓடியது? மல்லாவி மாஸ்ரரின் பெட்டி தப்பியதற்கு ஒரே காரணம், அது அந்த நேரம் வவுனியாவில் தங்கச்சி வீட்டில் கிடந்ததுதான். விண்டோஸ் 3.1, பாமினி எழுத்துரு, ஊர்க் குளங்களைப் பற்றி அவர் அடித்து வைத்த கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான். உள்ளே இருந்த 210 எம்பி டிஸ்க் கீச்சிடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

முதல் வேலை எழுத்துகளைக் காப்பாற்றுவது. யூஎஸ்பியில் மாட்டும் ஐடீஈ (பழைய டிஸ்க்குகளின் இணைப்பு முறை) வயரைக் கொண்டுபோனால் அதற்கு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. இது டிஸ்க்கின் பழுதில்லை. அந்த வயர்களில் இருக்கும் சிப்புக்கு, டிஸ்க்கின் இடங்களை ஒரே தொடர் எண்ணால் குறிக்கும் எல்பிஏ முறையில் மட்டுமே பேசத் தெரியும். 90களின் தொடக்கத்தில் வந்த சின்ன டிஸ்க் பலவற்றுக்கு சிலிண்டர் (வட்டத் தடம்), ஹெட் (வாசிக்கும் தலை), செக்டர் (தடத்தின் ஒரு சிறு பகுதி) என்ற பழைய கணக்குத்தான் தெரியும். ஐடீஈ சொக்கெட் உள்ள பழைய பென்டியம் மதர்போட் ஒன்றில் நேரே மாட்டி, லினக்ஸில் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல் எடுத்தேன். இப்படியான வேலைக்கென்றே பழைய போட் ஒன்றை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுவேன்.

அடுத்தது புது டிஸ்க். 210 எம்பிக்கு எங்கே போவது? கடையில் பழைய பென்டியம் 4களில் கழற்றிய 80 ஜீபி ஐடீஈ டிஸ்க்குகள் கிடந்தன. ஒன்றை மாட்டி பயோஸில் (பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும், போட்டிலேயே இருக்கும் மென்பொருள்) தானாகக் கண்டுபிடிக்கச் சொன்னதும் 16383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று வாசித்துவிட்டு அப்படியே நின்றது. 8.4 ஜீபிக்கு மேற்பட்ட ஐடீஈ டிஸ்க் எல்லாமே இந்த ஒரே பதிலைத்தான் சொல்லும். உண்மையான அளவை அது வேறோரிடத்தில் வைத்திருக்கும், பழைய பயோஸுக்கு அங்கே பார்க்கத் தெரியாது.

ஏன் நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மிச்ச வேலை லேசு. பயோஸின் டிஸ்க் அழைப்பில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6. ஐடீஈ பக்கத்தில் சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8. விதானையார் படிவத்தில் வீட்டு இலக்கத்துக்கு மூன்று கட்டம்தான் அடித்திருந்தால் 1000ஆம் வீட்டுக்காரனுக்குப் பதிவு கிடையாது, அதே மாதிரி. இரண்டு படிவத்துக்கும் பொதுவாக அடங்குவது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். செக்டருக்கு 512 பைட் வைத்துப் பெருக்கினால் 528 மில்லியன் பைட், 1024ஐ 1024ஆல் பெருக்கியதை ஒரு எம்பி என்று எடுத்தால் 504 எம்பி. டிஸ்க்கில் இடம் இருக்கு, எண்ணத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஆகவே தானியங்கித் தேடலை விட்டுவிட்டு, டிஸ்க் வகை 47 என்ற பயனர் வகையில் 1024, 16, 63 என்று கையால் அடித்தேன். பெட்டி அமைதியாக எழும்பியது. டொஸ் 6.22 ஏற்றி, எஃப்டிஸ்க் (டிஸ்க்கைப் பிரிவுகளாக்கும் கட்டளை), ஃபோமற் முடித்து மாஸ்ரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“தம்பி, எண்பது ஜீபி எண்டு சொல்லிப்போட்டு ஐந்நூறு எம்பியோ? மிச்சம் எங்க போட்டுது?”

“மிச்சம் உள்ளதான் மாஸ்ரர் இருக்கு. பெட்டிக்கு எண்ணத் தெரியேல்லை.”

“எனக்கு இது காணும். ஆனா மனசு கேக்குதில்லை.”

எனக்கும் கேட்கவில்லை. இன்னொரு தலையிடியும் இருந்தது. அந்தக் கால 486 போட்களில் ஒட்டிவைத்த உருளை நிக்கல்-கட்மியம் பற்றரி கசிந்து போட்டை அரிக்கும். இதிலும் பச்சை பூத்திருந்தது. அதைக் கழற்றி, வினாகிரியால் துடைத்து, வெளிப் பற்றரி ஊசிகளில் மூன்று பென்ரோச் பற்றரி வைத்த கூட்டை மாட்டினேன். (பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குள் பென்ரோச் பற்றரி கொண்டுவருவதே பெரும்பாடு. இப்போது பெட்டிக்கடையிலும் தொங்குது.) அந்தப் பற்றரி இறங்கினால் கையால் அடித்த எண்கள் மறந்துபோகும், டிஸ்க் காணாமல் போகும், மாஸ்ரர் போன் எடுப்பார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒன்ராக் டிஸ்க் மனேஜர், ஈஸீ-டிரைவ் போன்ற மென்பொருள். டிஸ்க்கின் முதல் செக்டரில் குந்திக்கொண்டு, டொஸ் எழும்ப முன்னர் பயோஸுக்குப் பதிலாகக் கணக்குச் சொல்லும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறு பெட்டியில் மாட்டினால் சிலவேளை பிரிவுகள் தெரியாது. யாராவது முதல் செக்டரின் எழுப்பும் குறியீட்டைத் திரும்ப எழுதும் எஃப்டிஸ்க் /எம்பிஆர் கட்டளையை அடித்தால் கதை முடிந்தது.

மற்றது எக்ஸ்ரி-ஐடீஈ யுனிவர்சல் பயோஸ், பழைய பயோஸுக்குப் பதிலாக டிஸ்க்கைக் கையாளும் திறந்த மூல மென்பொருள். பெட்டி எழும்பும்போது பயோஸ் சி8000 முகவரியிலிருந்து மேலே 55 ஏஏ என்ற அடையாளத்தோடு ஏதாவது ரோம் (மென்பொருள் எழுதி வைத்த சிப்) இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதையும் ஓட்டும். அந்த ரோமை வைக்க இடம் வேண்டுமே. பழைய ஐஎஸ்ஏ (486 போட்டின் நீள சொக்கெட்டில் செருகும்) நெற்வேர்க் கார்ட்டில் வெறுமையாக இருக்கும் 28 கால் சொக்கெட் இதற்குத்தான் தோது.

386க்கும் அதற்கு மேலும் உரிய பதிப்பு 8 கேபிக்குள் அடங்கும், 28சி64 சிப் ஒன்று போதும். கூடவே வரும் அமைப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, பெட்டிக்கு ஏற்றபடி அமைத்துச் சேமித்தால் சரிபார்ப்புக் கூட்டலையும் அதுவே போட்டுவிடும். கூட்டல் பிழைத்தால் பயோஸ் அந்த ரோமைத் திரும்பியும் பாராது. சிப்பில் எழுதும் கருவி கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ரீவி திருத்தும் நண்பரிடம் இருந்தது. பஸ்ஸில் ஆனையிறவு தாண்டிப் போய் எழுதிக்கொண்டு வந்தேன். யூஎஸ்பியில் மாட்டும் மலிவுக் கருவிகள் எட்டுக் கால் சிப்புகளுக்குத்தான், இதற்கு 28 கால் பிடிக்கும் கருவி வேண்டும்.

கார்ட்டின் அமைப்பு மென்பொருளில் பூட் ரோமை இயக்கி, முகவரியை டி0000 என்று வைத்தேன். பயோஸில் ஹாட் டிஸ்க் “இல்லை” என்று கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். மறுபடி எழுப்பியதும் திரையில் 80 ஜீபி டிஸ்க்கின் பெயர் வந்தது. இனிப் பற்றரி இறங்கினாலும் டிஸ்க் எண்களைத் திரும்ப அடிக்கிற வேலை இல்லை. பழைய பிரிவை மட்டும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், சிலிண்டர் கணக்கு மாறிவிட்டதால் பழையதை நம்ப முடியாது. இரண்டு குறிப்பு: டொஸின் நினைவகத்தைக் கையாளும் ஈஎம்எம்386 (EMM386) ஏற்றுபவர்கள் கொன்ஃபிக் கோப்பில் ரோம் இருக்கும் டி000 முதல் டி1எஃப்எஃப் (D000-D1FF) வரை விலக்கிவிட வேண்டும். விண்டோஸ் 3.1இல் பயோஸை விட்டு நேரே டிஸ்க்கோடு பேசும் 32 பிட் டிஸ்க் அக்சஸ் பக்கமே போகக் கூடாது.

ஆனால் டொஸ் 6.22க்கு 8.4 ஜீபிக்கு அப்பால் எண்ண வராது. ஒரு பிரிவு 2 ஜீபிக்கு மேல் போகாது. அந்த அளவில் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் ஒவ்வொரு துண்டும் 32 கேபி, நாலு வரிக் கடிதமும் 32 கேபியை விழுங்கும். அப்போ 80 ஜீபி எதற்கு? மல்லாவியில் மாரி இடிமின்னலுக்குக் கரண்ட் போய்ப் போய் வரும், கோடையில் கிறவல் றோட்டுப் புழுதி. சுழல்கிற டிஸ்க்கை அங்கே வைக்க மனம் வரவில்லை. ரோம் இருந்தபடியால் வேறு எதையும் மாட்டலாம். பழைய கமராவில் இருந்த 4 ஜீபி கொம்பக்ட் ஃபிளாஷ் அட்டை ஒன்றை எடுத்தேன். அந்த அட்டைக்கு ஐடீஈ மாதிரியே பேசத் தெரியும். 40 ஊசிச் சொக்கெட்டுக்கு மாற்றும் மலிவுத் தகடு காணும், இடையில் சிப் எதுவும் தேவையில்லை. எஸ்டி அட்டைக்கென்றால் மொழிபெயர்க்கும் சிப் உள்ள தகடு வேண்டும்.

நாலு பிரிவாக, ஒவ்வொன்றும் 1 ஜீபிக்குக் கொஞ்சம் குறைய வைத்தேன். அப்படியென்றால் துண்டு 16 கேபியோடு நிற்கும். கமரா அட்டைகளில் எழுப்பும் குறியீடு இருக்காது, ஃபோமற் முடிந்தபிறகும் பெட்டி எழும்பாமல் முழிக்கும். எஃப்டிஸ்க் /எம்பிஆர் ஒருக்கா அடித்தால் சரி. மேலே திட்டிய கட்டளை இங்கே உதவிக்கு வருகிறது.

மாஸ்ரருக்குச் சத்தமில்லாத பெட்டி கொஞ்சம் சந்தேகம்தான். “ஓடுதோ தம்பி?” என்று காதை வைத்துப் பார்த்தார். குளக் கட்டுரைகளைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார். அட்டையைக் கழற்றி வாசிப்பானில் போட்டு முழு நகல் எடுத்து அவர் மகளின் லப்டொப்பிலும் வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய 80 ஜீபி டிஸ்க் கிளிநொச்சியில் ஒரு பென்டியம் IIக்குப் போனது. அங்கே வேறு எல்லை. 1999க்கு முந்திய அவோர்ட் பயோஸ் பல 33.8 ஜீபிக்கு மேல் கண்டால் உறைந்துவிடும். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) அதன் ஸ்ரிக்கரில் சொன்னபடி 32 ஜீபி இடத்தில் போட்டதும் எழும்பியது. ஜம்பர் இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸில் எச்டிபாரம் (hdparm) கட்டளையின் -N தெரிவால் அளவை நிரந்தரமாகக் குறைக்கலாம். 64 ஜீபிக்கு மேல் விண்டோஸ் 98இன் எஃப்டிஸ்க் அளவைப் பிழையாகக் காட்டும் தொல்லை இருக்கிறது. 32இல் வெட்டியதால் அது இங்கே வரவில்லை.